மண்ணுளிப் பாம்பும் மண்ணாப்போன கோடியும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் கடைப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. இப்பவும் வந்திருக்க மாட்டேன். போன வாரம் ஊருக்குப் போன இடத்துல பார்த்த ஒரு விஷயம் வயித்தெரிச்சலைக் கிளப்பி விட்டுடுச்சு. எழுதலைன்னா தூக்கம் வராது. கொஞ்சம் நீளமான பதிவு, கோபமான பதிவும் கூட. டீ காப்பி குடிச்சிட்டு வந்து உட்காருங்க.

நம்ம ஊர் திருமானூர்னு புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிடறேன். அரியலூர் மாவட்டத்தோட தெற்கு ஓரம். கொள்ளிடக் கரை. பாலத்தைத் தாண்டினா தஞ்சாவூர் ஜில்லா. நான் படிச்ச காலத்துல பெரம்பலூர் மாவட்டம்னு விலாசம் எழுதுவோம். 2007-ல அரியலூர் தனியாப் போனதிலேர்ந்து விலாசம் மாறிப்போச்சு, ஊர் அப்படியேதான் இருக்கு. ஆத்து மணல், நாணல், நெல்லு வயல், மேட்டுல கடலைக் கொல்லை. இப்படி மண்ணு இளகலா இருக்கிற ஊர்ல மண்ணுளிப் பாம்பு இருக்கிறது அதிசயமே இல்லை. நம்ம விஷயமே அதைப் பத்தித்தான்.

எனக்கு மாமா முறை ஆகணும் ஒருத்தர். பேர் வேண்டாம். கொல்லைப்புறம் கூட்டிட்டுப் போனார். நீலக் கலர் பிளாஸ்டிக் டிரம், பாதி வரைக்கும் ஆத்து மணல், மேல ஈரச் சாக்கு. சாக்கைத் தூக்கினா உள்ளே ஒரு மண்ணுளி. செம்மண் நிறத்துல, என் மணிக்கட்டுத் தடிமன்ல, ரெண்டரை அடி இருக்கும். கையை விட்டதும் தலையை மணலுக்குள்ள செருகிக்கிட்டு வாலைத் தூக்கிக் காட்டிச்சு.

"என்ன மாமா இது?"

"சத்தம் போடாத மாப்ள. பார்ட்டி வருது. ரெண்டரைக் கிலோ தேறணும்னு சொல்லிருக்காங்க. முட்டை வச்சிருக்கேன், தின்னு ஏறிடும்."

எனக்குச் சிரிக்கிறதா அழுவறதான்னு தெரியல. மண்ணுளி முட்டை திங்காது சாமி. எலி திங்கும். அஞ்சு வாரமா அந்த டிரம்முக்குள்ள பட்டினியாக் கிடக்கு. பக்கத்துல ரெண்டு கோழி முட்டை அழுகி நாறிக்கிட்டு இருக்கு.

மெதுவா விசாரிச்சா கதை வெளிய வருது. யாரோ ஒரு புரோக்கர். அவனுக்கு மேல இன்னொரு புரோக்கர். எல்லாருக்கும் மேல, யாருமே பார்க்காத ஒரு 'கம்பெனி'. பாம்புக்குக் கோடி ரூபா. ஆனா அதுக்கு முன்னாடி 'டெஸ்டிங்' பண்ண ஆள் வரணும், அவருக்கு வண்டிச் செலவு, மெஷின் வாடகை எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் கட்டணும். கட்டியாச்சு. அத்தையோட ரெண்டு பவுன் செயின் அடகுக் கடையில. டெஸ்டிங் ஆளோட போன் மூணு வாரமா சுவிட்ச் ஆஃப். மாமா இன்னும் நம்பிக்கிட்டு இருக்கார். அத்தை அடுப்படியில உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசலை. அந்த மௌனத்தைத்தான் என்னால தாங்க முடியல.

சரி, மேட்டருக்கு வருவோம். முதல்ல இந்த ஜீவன் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டா, யார் மேல கோபப்படணும்னு தானா விளங்கும்.

ரெண்டு தலை எங்கேயிருந்து வந்துச்சு?

மண்ணுளிக்கு ஒரு தலைதான். 'இருதலை மணியன்'னு பேர் வாங்கினதுக்குக் காரணம் அதோட வால். மத்தப் பாம்புக்கு வால் ஒல்லியாகி முடியும். இதுக்கு மொட்டையா, தலை மாதிரியே உருண்டையா முடியும். கழுத்துன்னு தனியா ஒண்ணு கிடையாது. ஆபத்து வந்தா நிஜத் தலையை உடம்புக்கு அடியில ஒளிச்சுக்கிட்டு வாலைத் தூக்கி ஆட்டும். எதிரி வாலைக் கடிச்சா காயத்தோட தப்பிச்சுக்கலாம், தலை போனா உயிரே போயிடும். அவ்வளவுதான் கணக்கு. விஷம் இல்லாத, வேகமா ஓடத் தெரியாத ஒரு ஜீவனுக்குக் கிடைச்ச ஒரே பாதுகாப்பு அந்தப் பொய்த்தலை. 'ஆறு மாசம் இந்தப் பக்கம் தலை, ஆறு மாசம் அந்தப் பக்கம் தலை'ங்கிற கதையெல்லாம் அந்தப் பொய்யை நாம நம்பினதால வந்தது. பருந்தை ஏமாத்தப் போட்ட வேஷத்துல மனுஷன் ஏமாந்துட்டான் :-)

மூக்கு ஆப்பு மாதிரி கூம்பி இருக்கும், மணலைக் குத்திப் புகறதுக்கு. செதில் வழவழன்னு இருக்கும், மண்ணு ஒட்டாம வழுக்கிப் போறதுக்கு. கண் ரொம்பச் சின்னது. பகல்ல மண்ணுக்குள்ளயும் எலி வளையிலயும் கிடக்கும், ராத்திரி வெளிய வரும். எலியைப் பிடிச்சா சுத்தி வளைச்சு நெருக்கிக் கொன்னு முழுங்கும். மலைப்பாம்பு பண்ற அதே வேலை, சின்ன சைஸ்ல. முட்டை போடாது, குட்டி போடும். அதுவும் ஒரு ஈட்டுக்குச் சில குட்டிங்கதான். அதனால கொத்துக் கொத்தாப் பிடிச்சிட்டுப் போனா அந்த இடத்துல மறுபடி பெருகறதுக்கு ரொம்பக் காலம் ஆகும்.

'நக்கினா குஷ்டம் வரும்'னு சொல்லுவாங்க. எங்க அப்பாயி சொல்லியே நான் வளர்ந்தேன். தொழுநோய் ஒரு பாக்டீரியாவால வருதுன்னு நார்வே டாக்டர் ஹான்சன் கண்டுபிடிச்சது 1873-ல. ஒன்றரை நூற்றாண்டு ஆச்சு. வெண்புள்ளி தோல்ல நிறமிச் செல்கள் அழியறதால வர்றது, அது தொத்தற வியாதியே இல்லை. பாம்பு நாக்கை நீட்டறது நம்மளை நக்க இல்லை, காத்துல இருக்கிற வாசனையைப் பிடிக்க. பாவம், அது மோந்து பார்க்குது. நாம கம்பைத் தூக்கறோம்.

நம்ம பக்கத்து ஆள் பேர்ல ஒரு பாம்பு

இது பலருக்குத் தெரியாத சேதி. மண்ணுளியோட அறிவியல் பேர் 'எரிக்ஸ் ஜானியை'. இந்த ஜான் யாருன்னா, நம்ம காவிரி கடல்ல கலக்கிற பக்கத்துல, தரங்கம்பாடியில டேனிஷ் மிஷன்ல இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் பாதிரியார். 1771-ல வந்தவர், 1813-ல சாகிற வரைக்கும் இங்கேயேதான் இருந்தார். மதப் பிரச்சாரத்தோட மீன், சங்கு, பாம்புன்னு சேகரிச்சு ஐரோப்பாவுல இருந்த அறிஞர்களுக்கு அனுப்பிக்கிட்டே இருந்தவர். நாம குழம்பு வைக்கிற கத்தாளை மீன் வகையில ஒரு பேரினத்துக்கும் இவர் பேர்தான், 'ஜானியஸ்'. 1801-ல பேட்ரிக் ரஸ்ஸல் இந்தப் பாம்பை விவரிச்சு அவர் நினைவா பேர் வச்சார். கண்ணாடி விரியனை இங்கிலீஷ்ல யார் பேர்ல சொல்றாங்களோ, அதே ரஸ்ஸல்தான்.

எதுக்குச் சொல்றேன்னா, இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம சோழமண்டலக் கரையில இந்தப் பாம்பைக் கையில எடுத்துப் பார்த்து, வரைஞ்சு, எழுதி வச்சுட்டாங்க. ரகசியம் ஒண்ணும் மிச்சம் இல்லை. இரிடியம் இல்லை, மாணிக்கம் இல்லை, எய்ட்ஸுக்கு மருந்தும் இல்லை, ஆண்மைக்கு லேகியமும் இல்லை. உள்ளே இருக்கிறது எலியும், எலி செரிமானமும்தான்.

யாரைத் திட்டணும்?

என் மாமாவைத் திட்டறது சுலபம். பேராசை, அறியாமைன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிடலாம். நானும் அன்னிக்கு அப்படித்தான் கத்தினேன். அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார்:

"பேப்பர்லயே போட்டிருக்கான்ல மாப்ள? அவன் பொய் சொல்வானா?"

அதுல வாயடைச்சுப் போயிட்டேன். ஏன்னா நிஜமாவே பேப்பர்ல போட்டிருக்கான். வருஷத்துக்கு எத்தனை தடவை இந்தத் தலைப்பைப் படிச்சிருக்கோம்? 'பல லட்சம் மதிப்புள்ள மண்ணுளிப் பாம்பு பறிமுதல், நால்வர் கைது.' டிவியில ஓடும் எழுத்துல அதே 'லட்சம்' 'கோடி' ஆகிடும். வாட்ஸப்புக்கு வரும்போது 'சர்வதேசச் சந்தையில்'னு ஒரு வால் முளைக்கும்.

என் கேள்வி இதுதான். அந்த விலையை யார் போட்டது? பிடிபட்டவன் சொன்ன விலை! அவனுக்கு அவன் புரோக்கர் சொன்ன விலை. புரோக்கருக்கு அவனை ஏமாத்தினவன் சொன்ன விலை. ஒரு மோசடிக்காரன் வாயில வந்த எண்ணை எடுத்து, 'மதிப்பு'ன்னு பேர் வச்சு, முதல் பத்தியில அச்சடிச்சுக் கொடுக்கறோம். இத்தனை வருஷமா இந்தச் செய்திகளைப் படிக்கிறேன். வித்தவன் இருக்கான், கடத்தினவன் இருக்கான், புரோக்கர் இருக்கான். கோடி ரூபா எண்ணிக் கொடுத்து வாங்கின கடைசி ஆள் யாருன்னு ஒரு செய்தியிலயும் படிச்சதா ஞாபகம் இல்லை. உங்களுக்கு இருந்தா சொல்லுங்க.

அந்தச் செய்தி வெளியான மறுநாள் என்ன நடக்கும்? நாலு பேர் ஜெயிலுக்குப் போனதைப் படிச்சுப் பயப்படறவன் கம்மி. 'அட, கொல்லையில கிடக்கிறது லட்ச ரூபாயா'ன்னு மண்வெட்டியைத் தூக்கறவன்தான் ஜாஸ்தி. திருட்டைத் தடுக்கிற செய்தின்னு நினைச்சுப் போடறோம். அது திருடனுக்கு இலவச விளம்பரமா ஆகிடுது.

இது வெறும் என் கற்பனைன்னு நினைக்காதீங்க. வைல்ட்லைஃப் கன்சர்வேஷன் சொசைட்டி-இந்தியா அமைப்பு 2016-லிருந்து 2021 வரைக்கும் ஊடகச் செய்திகளைத் திரட்டிப் பார்த்ததுல, மண்ணுளி பிடிபட்ட சம்பவம் மட்டும் 172. 18 மாநிலம், ஒரு யூனியன் பிரதேசம். மகாராஷ்டிரா முதலிடம். பிடிபட்டதே இவ்வளவுன்னா, டிரம்முக்குள்ள பட்டினி கிடந்து செத்தது எத்தனையோ! யூட்யூப்ல விக்கிறதுக்காகவே வீடியோ போடறாங்கன்னும் அவங்க சொல்லியிருக்காங்க. ஐ.யு.சி.என் செம்பட்டியல்ல 'அச்சுறு நிலையை அண்மித்த இனம்'னு சேர்த்தாச்சு. எலி திங்கிறதைத் தவிர வேற ஒரு பாவமும் அறியாத பாம்பு இது.

வழக்கமா வரப்போற பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்

'விலை போட்டாத்தானே குற்றத்தோட கனம் தெரியும்?'

தெரியாதுங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல இந்தப் பாம்பைப் பிடிக்கிறது, வச்சிருக்கிறது, விக்கிறது எல்லாமே குற்றம். பத்து ரூபாய்க்கு வித்தாலும் குற்றம், சும்மா டிரம்முல வச்சிருந்தாலும் குற்றம். குத்தம்னு ஆகறதுக்குச் சந்தை விலை எதுக்கு? பாதுகாக்கப்பட்ட பாம்பைப் பிடிச்சாங்க, கைது, பாம்பு காட்டுல விடப்பட்டதுன்னு மூணு வரியில முடியற செய்தி. நாலாவது வரியாப் போடணும்னா, 'இதற்கு எந்த மருத்துவ குணமும் இல்லை'ன்னு போடுங்க. புண்ணியமாப் போகும்.

'அப்போ வாங்கறவனே இல்லையா, எல்லாமே டுபாக்கூரா?'

வாங்கறவனே இல்லைன்னு நான் சொல்லலை. செல்லப் பிராணியா வளர்க்கவும், மாந்திரீகத்துக்கும் இந்தப் பாம்பு நிஜமாவே கடத்தப்படுது. அதனாலதான் சைட்டிஸ் ஒப்பந்தத்துல இரண்டாம் பட்டியல்ல வச்சிருக்காங்க. ஆனா அந்த வியாபாரத்துக்கும் நம்ம ஊர்ல புழங்கற 'கோடி'க்கும் சம்பந்தம் இல்லை. முன்பணம் கேட்கிறான் பாருங்க, அங்கேயே தெரிஞ்சுடும். நிஜமா வாங்கறவன் பணம் கொடுப்பான். விக்கிறவன்கிட்டேயே பணம் கேட்கிறவனுக்குப் பேரு வியாபாரி இல்லை. இரிடியம், ரைஸ் புல்லிங் சொம்புன்னு விரிச்ச அதே வலைதான், இந்தத் தடவை உள்ளே ஒரு உயிரைப் போட்டிருக்கான்.

'ஏழை பாழை, நாலு காசு பார்க்கட்டுமேய்யா. உனக்கென்ன, சம்பளம் வருது.'

இந்தக் கேள்விதான் என்னை ரொம்ப உறுத்திச்சு. உண்மைதான், எனக்குச் சம்பளம் வருது. ஆனா கணக்கைப் பாருங்க. மாமாவுக்குக் காசு வரல, போச்சு. மாட்டியிருந்தா கேஸ் அவர் மேல. புரோக்கர் சிம் கார்டை மாத்திட்டுப் போயிட்டான். ஏழைக்காகப் பேசறவங்க முதல்ல ஏழையோட ரெண்டு பவுன் யார் கிட்டப் போச்சுன்னு கேளுங்க. பாம்பைப் பிடிச்சு நேர்மையாப் பிழைக்கிற வழியும் இதே தமிழ்நாட்டுலதான் இருக்கு. 1978-ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியில. லைசென்ஸோட விஷப்பாம்பைப் பிடிச்சு, விஷம் எடுத்து, திரும்ப விட்டுடுவாங்க. அந்த விஷத்துலதான் கடிக்கு மருந்து தயாராகுது. அதே சமூகத்துல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. பாம்பால வந்த பெருமைன்னா அது.

'விஷம் இல்லைன்னு சொல்லிட்டீங்க, அப்போ கையில பிடிக்கலாமா?'

ஐயா, தயவுசெஞ்சு வேண்டாம். மண்ணுளியில இன்னொரு வகை இருக்கு. சொரசொரன்னு செதில், திட்டுத் திட்டா உடம்பு, குட்டை வால். அதுக்கும் கண்ணாடி விரியனுக்கும் இருட்டுல வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம். கோடிக்கு ஆசைப்பட்டு ராத்திரி டார்ச்சோட வரப்புல கையை விடறவன், என்னிக்காவது ஒரு நாள் விரியன் மேல கையை வைப்பான். இந்தியாவுல 2000-லிருந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியில செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு 2020-ல வந்த ஆய்வு சொல்லுது. வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து ஜனங்க. தமிழ்நாடு அரசு 2024-ல பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாவே ஆக்கியிருக்கு. இது விளையாட்டு இல்லை. வீட்டுக்குள்ள பாம்பு வந்தா தள்ளி நின்னு தீயணைப்புக்கோ வனத்துறைக்கோ போன் போடுங்க. வயல்ல இருந்தா அது பாட்டுக்குப் போகட்டும்னு விட்டுடுங்க.

பறவைக்கு ஒரு நீதி, பாம்புக்கு ஒரு நீதி

எங்க பக்கத்துல கரைவெட்டி ஏரி இருக்கு. 1999-ல பறவைகள் சரணாலயம் ஆச்சு. 2024 ஜனவரியில ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்துச்சு. ஊரே சந்தோஷப்பட்டுச்சு, நானும்தான். எங்கேயோ இருந்து பறந்து வர்ற வாத்துக்குக் கை தட்டறோம். நம்ம வயலுக்கு அடியிலயே பரம்பரையாக் குடியிருந்து, நம்ம நெல்லைத் திங்கிற எலியை ராத்திரி ராத்திரி காலி பண்ற ஜீவனுக்குக் கம்பு, இல்லைன்னா டிரம்மு. எலிக்கு மருந்து வைக்கக் கடையில காசு கொடுக்கிறோம். காசு வாங்காம அந்த வேலையைப் பண்றவனைப் பிடிச்சு விக்கறோம். இதுக்கு என்ன பேர் வைக்கிறது?

இன்னொரு சின்ன ஆளையும் சொல்லணும், புழுப் பாம்பு. அரை அடி கூட இருக்காது. கறுப்பா, மண்புழு மாதிரி, பாத்ரூம் தண்ணி போற வழியிலயும் பூந்தொட்டி அடியிலயும் வரும். 'காதுல பூந்துடும்'னு உப்பைக் கொட்டிக் கொல்றதைச் சின்ன வயசுல நானே செஞ்சிருக்கேன். பின்னாடி படிச்சப்போதான் தெரிஞ்சது. விஷமே கிடையாது, கடிக்கிறதுக்கு வாயும் பத்தாது, எறும்பு முட்டையும் கரையானும்தான் சாப்பாடு. அதை விட ஆச்சரியம், இந்த இனத்துல எல்லாமே பொண்ணு. ஆண் துணையே இல்லாம முட்டை போட்டு வம்சம் வளர்க்குது. அதனாலதான் பூந்தொட்டி மண்ணோட ஒண்ணே ஒண்ணு கப்பலேறிப் போனாலும், போன நாட்டுல குடும்பம் பெருகிடுச்சு. இதுக்கு யாரும் கோடி விலை வைக்கலை. அதனால இதுக்குக் கிடைக்கிறது செருப்படி. விலை இருந்தா டிரம்மு, விலை இல்லைன்னா செருப்பு. நடுவுல சும்மா வாழவிடறதுன்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துட்டோம்.

முடிவா என்ன ஆச்சு?

மாமா ரெண்டு நாள் முரண்டு பிடிச்சார். மூணாவது நாள் அத்தைதான் முதல் தடவையா வாயைத் திறந்தாங்க. "செயின் போனது போகட்டும். அந்த வாயில்லா சீவனைப் பட்டினி போட்ட பாவமும் சேர வேணாம்." அவ்வளவுதான். மாமா எழுந்திருச்சு டிரம்மைத் தூக்கினார்.

பிடிச்ச இடத்துக்கே கொண்டுபோனோம். பம்புசெட்டுக்குப் பின்னாடி, கடலைக் கொல்லை வரப்பு. டிரம்மைச் சாய்ச்சோம். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. செத்துடுச்சோன்னு பயந்துட்டேன். அப்புறம் தலையை ஒரு தடவை ஆட்டிட்டு, மூக்கை மண்ணுல குத்தி, அவசரமே இல்லாம உள்ளே போச்சு. கடைசியா அந்த மொட்டை வால் மட்டும் வெளிய தெரிஞ்சது. அதுவும் போயிடுச்சு.

முறைப்படி வனத்துறைக்குச் சொல்லிட்டு ஒப்படைச்சிருக்கணும். சொல்லலை. மாமா மேல கேஸ் வந்துடுமோங்கிற பயம். அது என் தப்பு, மறைக்க விரும்பலை. ஊருக்கு உபதேசம் பண்றவன் தன் முதுகையும் காட்டணும் இல்லையா?

நண்பர்களே, உங்க கிட்ட கேட்கறது மூணே மூணு. ஒண்ணு, மண்ணுளி பத்தி எழுதினா விலையை எழுதாதீங்க. செய்தியை எடுத்துப் போட்டாலும் அந்த வரியை வெட்டிட்டுப் போடுங்க. ரெண்டு, 'அதிசய இருதலைப் பாம்பு'ன்னு போட்டோ வந்தா ஃபார்வர்டு பண்ணாம, அது வால்னு ஒரு வரி பதில் போடுங்க. மூணு, உங்க ஊர்லயும் ஒரு மாமா இருப்பார், கொல்லையில ஒரு டிரம் இருக்கும். கத்தாதீங்க. நான் கத்தினேன், பிரயோஜனம் இல்லை. பக்கத்துல உட்கார்ந்து, 'விக்கிறவன் எதுக்கு மாமா பணம் கட்டணும்?'னு மட்டும் கேளுங்க.

டிஸ்கி: கும்மி அடிக்கிறவங்க தாராளமா அடிக்கலாம். ஆனா 'எந்த வரப்பு, எந்தக் கொல்லை'ன்னு கேட்டு வர்ற பின்னூட்டம் வெளியிடப்பட மாட்டாது. 'எங்கிட்ட ஒண்ணு இருக்கு, பார்ட்டி இருக்கா'ன்னு வர்றதும்தான். அப்படி வந்தா இந்தப் பதிவை முதல்லேர்ந்து இன்னொரு தடவை படிக்கச் சொல்லுவேன் :-)